கணக்கில் சேதம்

லம்மெர்ட்டின் இருக்கை உயரம்
எழுபத்து நான்கு சென்டிமீட்டர், மூன்று மில்லி.
அவன் மிதிப்பதை நிறுத்திப் பதினாறு வருடம்.
எனக்கு இன்னும் மறக்கவில்லை.
மெக்கானிக்குக்கு மனிதர்கள்
அளவுகளாகத்தான் ஞாபகம்.

பன்னிரண்டு பருவம் ஓட்டினான்,
பெரும்பாலும் அடுத்தவனுக்காக.
எங்கள் காருக்குப் பின்வாங்கி வந்து
சட்டைக்குள் எட்டு புட்டி திணித்துக்கொண்டு
முதுகில் சூல்கொண்டவன் போல
மறுபடி கூட்டத்துக்குள் ஏறிப் போவான்.
வென்றது இரண்டு.
ஒன்று, பெல்ஜியத்தில் மழையில் நடந்த ஊர்த் திருவிழாப் பந்தயம்.
பரிசு, காபி இயந்திரமும் ஒரு பன்றித் தொடையும்.
இன்னொன்று,
முதலில் வந்தவன் சிறுநீரில் ஏதோ இருந்ததென்று
ஏழு மாதம் கழித்துத் தபாலில் வந்த பதக்கம்.
உறையைப் பிரிக்காமல்
என் பட்டறை இழுப்பறையில் போட்டான்.
ஸ்போக் சாவிகளோடு அங்கேயே கிடக்கிறது.

போதும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.
டிசம்பரில் எல்லோர் வீட்டுக்கும்
புதுச் சட்டைகள் பெட்டி பெட்டியாகப் போயின.
வாசல் மணிக்குக் காதைக் கொடுத்தபடி
பத்தொன்பதாம் தேதிவரை பயிற்சிக்குப் போய்வந்தான்.
இருபதாம் தேதி எனக்குப் போன்:
"பெட்டிகளில் என் அளவு இருந்ததா?"
அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

இப்போது அவன்தான் அணியின் மேலாளர்.
ஸ்பான்சர்களோடு உட்கார்ந்து மீன் சாப்பிடுகிறான்.
பந்தய நாளில்
ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் ரேடியோ.
"பாலம் தாண்டினால் பக்கக் காற்று,
முன்னால் போ, முன்னால், முன்னால்!"
ஏப்ரலிலேயே தொண்டை கட்டிவிடும்.

ஆனால் அக்டோபர்தான் அவன் மாதம்.
ஒப்பந்தம் நீளாதவர்களின் வீட்டுக்குத்
தானே ஓட்டிப் போவான்.
கூடவே நானும்.
சைக்கிள் கம்பெனிச் சொத்து,
திரும்ப எடுக்க வேண்டுமே.

இந்த வருடம் ஹார்லிங்கன்.
இறால் படகுகள் நிற்கும் துறைமுகத்துக்குப் பின்தெரு.
கதவைத் திறந்த யெல்மெர் எங்களைப் பார்க்கவில்லை,
தெருவில் நின்ற வேனைப் பார்த்தான்.
லம்மெர்ட் உட்காரும் முன்பே சொன்னான்:
"அடுத்த வருடம் உனக்கு இடமில்லை.
முடிவு என்னுடையது."
பட்ஜெட்டைச் சொல்லவில்லை. முழங்காலைச் சொல்லவில்லை.
யெல்மெர் காபியைக் கலக்கினான்.
சர்க்கரை போடாத காபி.
கலக்கிக்கொண்டே இருந்தான்.
அவன் மனைவிதான் கேட்டாள்:
"இதை போனில் சொல்லக் கூடாதா?
நாங்கள் அழுவதைப் பார்க்கவா
மூன்று மணி நேரம் ஓட்டி வந்தீர்கள்?"
இத்தனை வருடத்தில்
யாரும் அப்படிக் கேட்டதில்லை.
லம்மெர்ட் தன் கோப்பையை எடுத்துப் போய்
அவர்கள் தொட்டியில் கழுவி வைத்தான்.

கொட்டகையில் நான் இருக்கையைக் கழற்றப் போனேன்.
"அதை விட்டுடு" என்றான் பின்னாலிருந்து.
யெல்மெரின் எலும்புக்குப் பணிந்து
குழிந்துபோன இருக்கை.
வேறு எவனுக்கும் ஆகாது.
கணக்கில் 'சேதம்' என்று எழுதினேன்.
இதோடு பதினேழு சேதம்.
கணக்கு பார்க்கும் மரியெட் ஒருமுறை கேட்டாள்,
இருக்கைகள் ஏன் அக்டோபரில் மட்டும் உடைகின்றன என்று.
குளிர் என்றேன்.

திரும்பும் வழியில் பெரிய அணை.
முப்பத்திரண்டு கிலோமீட்டர்,
ஒருபுறம் உப்பு, ஒருபுறம் நன்னீர்.
காற்று வேனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது.
லம்மெர்ட் ஒரு லாரியின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான்,
சற்றே இடப்புறம், காற்று படாத கோணத்தில்.
நமக்கு எஞ்சின் இருக்கிறது லம்மெர்ட், என்றேன்.
தெரியும் என்றான்.
விலகவில்லை.
உத்ரெக்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் தாண்டிப் போனது.
இருவரும் பார்த்தோம், இருவரும் சொல்லவில்லை.
பன்னிரண்டு கிலோமீட்டர் கழித்து
லாரி டீசல் போட ஒதுங்கியது.
நாங்களும் ஒதுங்கினோம்.