ஒன்பது பாகம்

மூழ்கடிக்கும் முன் கழுவ வேண்டுமாம்.
ஒரு சொட்டு டீசல் மிஞ்சக்கூடாதென்று
மீன்வளத்துறைக்காரர் வெள்ளைத் துணியால்
அடித்தட்டைத் துடைத்துப் பார்த்தார்.
துணி கறுத்தது.
மறுபடி சோப்புத்தூள், மறுபடி உப்பனாற்றுத் தண்ணீர்.
மூன்று நாள் கூலிக்கு நானும்தான் தேய்த்தேன்
என் பெயர் எழுதிய படகை.

செங்கமலம்.
அண்ணன் தேசப்பன் கடன் வாங்கிக் கட்டிய இரும்புப் படகு.
பெண்டாட்டி பெயரை வைத்தால் அம்மா முறைப்பாள்,
அம்மா பெயரை வைத்தால் பெண்டாட்டி பேசமாட்டாள்.
நடுவில் கல்யாணமாகாமல் நின்றவள் நான்.
இப்படித்தான் கிடைத்தது எனக்கு ஒரு படகு.
படகென்றால், பெயர் மட்டும்.

பதினேழு வருஷம்
துறைமுகத்தில் ஏலக்காரன் கத்துவான்:
"செங்கமலம் உள்ள வருது!"
கூடையோடு நிற்கிற நான் திரும்பிப் பார்ப்பேன்.
"செங்கமலம் இன்னிக்கு வெறும் கழிசல்தான்."
"செங்கமலத்துக்குப் பின்னாடி ஓட்டையாம்."
சிரிக்கிறவன் எவனென்று பார்த்து
அவன் அம்மாவின் பெயரைச் சொல்லி
நலம் விசாரிப்பேன்.

வெல்டர் சவரியப்பன் வந்தான்,
இத்தனை வருஷம் அந்த ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டவன்.
சாக்பீஸில் வட்டம் வரைந்துகொண்டே கேட்டான்:
"எவ்ளோ பெருசு வேணும் சார்?"
"களவா நுழையணும். ஆள் நுழைஞ்சா வெளிய வரணும்."
மூன்றாவது வட்டம்
அவனுடைய பழைய ஒட்டின் மேலேயே விழுந்தது.
வெட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பீடி பிடித்தான்.

பெயரைச் சுரண்டிவிடலாமா என்றான் அண்ணன்.
பெயரோடு முங்கினால் ஆளுக்கு ஆகாதென்று
சோனாங்குப்பத்தில் யாரோ சொன்னார்களாம்.
எனக்கும் பயம்தான்.
விடு என்றேன்.

முதலில் சிமெண்ட் வளையங்கள், முக்கோணங்கள்,
கரையில் ஈரச்சாக்கு போர்த்தி
மூன்று வாரம் தண்ணீர் காட்டியவை,
கிரேனிலிருந்து ஒவ்வொன்றாகத் தொப்பென்று.
கடல் வாங்கிக்கொண்டது.
படகுதான் போகவில்லை.
மூடியெல்லாம் திறந்தும் ஒரு மணி நேரம்
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
பாக்கி வாங்க வந்தவள் மாதிரி நின்றது.
அதிகாரி கடிகாரம் பார்த்தார்.
பிறகு பின்புறம் இறங்கி மூக்கு தூக்கி
செங், கம,
கடைசியில் 'லம்' மட்டும்.
அப்புறம் எண்ணெய் இல்லாத சுத்தமான குமிழிகள்.
நான் தேய்த்தது வீண்போகவில்லை.

ஒன்பது பாகம் ஆழம்.
அந்த இடத்தின் எண்ணைத் தூண்டில்காரர்கள்
செல்போனில் என் பெயரில் போட்டு வைத்திருக்கிறார்கள்.
இழுவைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள்:
"செங்கமலம் பக்கம் போவாத,
வலையப் புடிச்சிக்குவா."

முதலில் மாட்டியது
வேறொருவர் படகுக்கு டிரைவராய்ப் போன
அண்ணனின் வலை.
அந்த எண்ணை அவனைவிட நன்றாக
அறிந்தவர் யாருமில்லை.
வன்னி இழுத்துவிட்டது என்றான்.
முதலாளி அரைச் சம்பளம் பிடித்தார்.
வன்னி அன்றைக்கு அப்படியொன்றும் இல்லை.
நான் கேட்கவில்லை.

முங்கிப் பார்த்த பையனொருவன் வீடியோ காட்டினான்.
பச்சை இருட்டு. சவரியப்பன் வெட்டிய வட்டம்.
அதன் விளிம்பில் வெள்ளை வெள்ளையாய்
கணவா முட்டைகள் தொங்கின.
பெயர் எங்கே என்றேன்.
"சிப்பி மூடிடுச்சிக்கா. இதோ, இந்த இடமா இருக்கும்."
விரலை வைத்துப் பெரிதாக்கினேன்.
சிப்பிதான்.

நேற்று அஞ்சாப்புலி மூன்று கிலோ களவா கொண்டுவந்தான்.
"ஒன் வூட்டு மீனுக்கா" என்றான்.
விலை கேட்டேன். சொன்னான்.
என் வீட்டு மீனென்றால் குறைக்கலாமே என்றேன்.
குறைக்கவில்லை.