அரை நொடி

இந்த மாதம் மூன்றாவது முறையாக
என் கடைவாய்ப் பல்லைக் கெடுத்தேன்.
"வேர்வரை போய்விட்டதாம்" என்றேன்.
அய்வர்ஸ் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.
நல்லவன்.
போன வாரம் பூசணி சூப் கொண்டுவந்தான்,
கடிக்க வேண்டியதில்லை என்று.
மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்
அவன் எதிரிலேயே அதைக் குடித்து முடித்தேன்.

ரீகாவில் நவம்பர் என்றால் நான்கு மணிக்கே இருட்டு.
பொய் சொல்பவளுக்கு அது கொஞ்சம் ஒத்தாசை.
கழிவறையில் சட்டை மாற்றி
மேலே பழைய கம்பளிக் கோட்டைப் பூட்டிக்கொண்டு
பல்வலிக்காரியின் நடையில் வெளியே வந்தேன்.
இஸ்திரி போட்ட காலர் மட்டும்
பாலம் தாண்டும்வரை கழுத்தை உறுத்தியது.

டிராமில் ஏறி அட்டையை வைத்தேன்.
பச்சை விளக்கு உடனே வரவில்லை.
வராது.
அந்த அரை நொடி நான் எழுதியது.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை,
பழைய அட்டைகளில் இரண்டு முறை காசு போகிறதென்று
ஊரெல்லாம் ரகளை.
காரணம் தேட நேரமில்லை.
"கொஞ்சம் நில்" என்று ஒரு வரி சேர்த்தேன்.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
தற்காலிகம். திங்கட்கிழமை எடுத்துவிடுவேன்.
நானூறு திங்கட்கிழமைகள் போயின.
இடையில் இரண்டு முறை எடுத்தும் பார்த்தேன்,
இரண்டு முறையும் யாரோ ஒருவர்
ஒரு பயணத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினார்.
திரும்ப வைத்தேன்.
அந்த வரியும் என் சம்பளமும்
அதற்குப்பின் அசையவில்லை.

புது அலுவலகத்தில் தண்ணீரில்கூட எலுமிச்சை மிதந்தது.
குந்தேகா, என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
வெள்ளைப் பலகையைக் காட்டி
ஒரு மரத்தை இடம்வலமாகத் திருப்பச் சொன்னாள்.
எட்டு வருடத்தில் எந்த மரமும் வந்து
என்னைத் திருப்பு என்று கேட்டதில்லை.
திருப்பினேன்.
பாதியில் மார்க்கர் மை தீர்ந்தது.
கடைசிக் கிளைகளை இருவரும் ஊகித்துக்கொண்டோம்.

"இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள், சர்மீத்தே?"

இதற்கு மூன்று இரவு ஒத்திகை.
வளர்ச்சி. சவால். புதிய தளங்கள்.
வாடகை என்ற சொல் வாயில் வரக் கூடாது.
மகளுக்குப் பல்லில் கம்பி கட்ட வேண்டும்,
அது நிஜப் பல்,
அதுவும் வரக் கூடாது.
வரவில்லை.

பிறகு அவளே, பேச்சை லேசாக்க:
"நம் ஊர் டிராமில் அட்டை வைத்திருப்பீர்களே,
ஒவ்வொருவரும் நின்று, நின்று...
எந்தப் புண்ணியவான் எழுதினானோ.
உங்களிடம் கொடுத்தால் எப்படிச் சரிசெய்வீர்கள்?"

விண்ணப்பத்தில் 'பெரிய அளவிலான கட்டண அமைப்புகள்' என்று
பூசி மெழுகியிருந்தேன்.
ஆமாம் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.
பச்சை வராத அந்த நேரம்
அறைக்குள் வந்து நின்றது.

"சரிசெய்ய மாட்டேன்" என்றேன்.
"அவசரப்பட்டு எடுத்தால்
பழைய அட்டைக்காரர் இரண்டு முறை கொடுப்பார்.
பெரும்பாலும் அவருக்கே தெரியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புண்ணியவான் இல்லை. புண்ணியவதி."

அவள் சிரிக்கவில்லை.
நோட்டில் ஏதோ எழுதினாள், நீளமாக.
எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கப் பார்த்தேன்.
மரத்தைத் திருப்பத் தெரிந்தவளுக்கு
ஒரு கையெழுத்தைத் திருப்பத் தெரியவில்லை.

திரும்பும் டிராமில் நல்ல கூட்டம்.
முன்னால் ஒருவர் அட்டையை வைத்துவிட்டு
விளக்கு வருவதற்குள் நகர்ந்தார்,
நம்பிக்கை இல்லாமல் மறுபடி வந்து வைத்தார்.
ஒரு முறைதான் பிடித்தது.
பார்த்துக்கொண்டேன்.

தௌகவா மேல் போகும்போது போன் அதிர்ந்தது.
அய்வர்ஸ்:
"எடுத்துட்டாங்களா?"

வெள்ளிக்கிழமை சொல்வார்களாம்,
என்று தட்டி,
அழித்து,
"இன்னும் ஆடிட்டுதான் இருக்கு" என்று அனுப்பினேன்.