வேஸ்டேஜ் போக

பெயின்டருக்குக் கடைசிப் பாக்கி கொடுத்த ராத்திரி
நோட்டில் நின்றது
ஏழாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.
வீட்டைச் சுற்றி நின்றது
முன்னால் பதினொன்றுக்கு ஒன்பது,
மேற்கே நாலடிச் சந்து,
பொடக்காளியில் செங்கல் தூளும் சிமென்ட் கட்டியுமாய்
ஒரு கோணல் முக்கோணம்.

பெருமாநல்லூர் ரோட்டுப் பனியன் கம்பெனியில்
எனக்குப் பேட்டர்ன் வேலை.
கையும் கழுத்தும் முதுகும்
எந்தப் பக்கம் படுத்தால்
துணி மிச்சம் என்று
பதினாலு வருஷமாகப் பார்க்கிறேன்.
நூற்றுக்குப் பதினெட்டு வேஸ்டேஜ் போனால்
மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார்.
அந்தப் பயத்தோடுதான்
பழுப்புத் தாளை விரித்தேன்,
அடிக்கு ஓர் அங்குலம்.

"ஏம்புள்ள, இதுக்குமா பேட்டர்ன்?" என்றார் குப்புராஜ்.
அவருக்கு வேண்டியது பேவர் பிளாக்.
"வண்டி நிறுத்தலாம், கழுவி உட்டாப் போச்சு."

கழுவ எங்கே தண்ணி?
எண்ணூற்றம்பது அடி போன போர்
வெறும் தூளைக் கக்கிவிட்டு நின்றது.
குழாயில் ஒன்பது நாளைக்கொருக்கா வருவதற்குக்
குடமும் தொட்டியும் சண்டை போடுகின்றன.
புல்தரை கேட்ட தாரிகாவுக்குக்
கணக்கைக் காட்டினேன்:
சதுர அடி முப்பத்தெட்டு,
தொண்ணூற்றொன்பது சதுர அடி,
அப்புறம் அது தினம் குடிக்கிறது.
அவளே பென்சிலால் அடித்துவிட்டாள்.

ஒரு ஞாயிறு முழுக்க வேறு வேலை இல்லை.
டெய்லர் சாக்கட்டியோடு
நிழல் போன இடமெல்லாம் கோடு போட்டேன்.
எட்டு மணி. பதினோரு மணி.
மூன்று மணிக்கு
எதிர்வீட்டு ரெஜினாவின் தண்ணீர் டேங்க்
எங்கள் வாசலில் நிழலாய் வந்து உட்கார்ந்தது.
இனாம்தானே,
அதையும் தாளில் ஏற்றி
உள்ளே கற்பூரவல்லி என்று எழுதினேன்.

மேற்குச் சந்தில் முருங்கை வரைந்து அழித்தேன்.
பாலக்காட்டுக் கணவாய் நுழைந்து
ஆடியில் வருகிற காற்றுக்கு
முருங்கை என்றால் முறுக்கு.
பதிலாகக் கிளுவை.
ஓவர்லாக் சாரதாமணிக்கு ஊதியூர்ப் பக்கம் தோட்டம்;
வேலியில் கழித்துப் போட்ட குச்சி பத்தொன்பதை
மொபெட்டில் குறுக்கே வைத்துக் கொண்டுவந்தோம்.
படியூரில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார்.
"வெறகுங்களா?"
"இல்லீங்க, வேலிங்க."

நடைபாதைக்கு டைல்ஸ் கடையில் உடைந்தது,
சாக்கு இருபது ரூபாய்.
பொள்ளாச்சி நார்க்கழிவுக் கட்டி நாலு.
செம்மண்ணுக்கு மண்ணைவிட ஏற்றுகூலி அதிகம்.
செடியடியில் மூட
கம்பெனி கட்டிங், அதுவும் கோரா மட்டும்.
சாயம் ஏறினதை மண்ணில் போட
மனசு வரவில்லை.
நொய்யல் பாலத்தை தினமும் கடக்கிறவள் நான்.

தப்பும் ஒன்று செய்தேன்.
நர்சரியில் எண்ணூற்றைம்பது கொடுத்து ஒரு பாட்டில் பாம்.
பிளானில் இல்லை.
பெரிய வீட்டுக் கேட்டில் நிற்கும்போது
நன்றாகத்தான் இருந்தது.
நாற்பது நாளில் காய்ந்தது.
பிடுங்கவில்லை;
நான் வைக்காத கோவைக்கொடி ஒன்று
அதைப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கிறது.

பத்தொன்பதில் பதினொரு கிளுவை துளிர்த்தது.
மிச்ச எட்டுக்கும் சேர்த்தே
தாரிகா தினமும் காலையில் ஆஜர் எடுக்கிறாள்.
கையிருப்பு முப்பத்தாறு ரூபாய்.
பொடக்காளி முக்கோணம் மட்டும்
தாளில் எதுவும் எழுதாமல் கிடக்கிறது.
கம்பெனியாக இருந்தால்
கண்ணாடி மேஜைக்கு வந்திருக்கும்.

நேற்று நைட் ஷிப்ட் முடிந்து
குப்புராஜ் வண்டியை உள்ளே ஏற்றும் சத்தம்.
ஏற்றினார், நின்றார்,
மறுபடி பின்னால் தள்ளினார்.
விடிந்து பார்த்தால்
வழக்கமான இடத்திலிருந்து ஒரு சாண் விலகி
கோணலாக நிற்கிறது வண்டி.
சக்கரம் போகிற தடத்தில்,
டைல்ஸ் இடுக்கில், இரண்டு இலையோடு ஒரு தும்பை.

சாக்கட்டியால்
அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு
கம்பெனி வேனுக்கு ஓடினேன்.