குளத்தில் ஒரு நாற்காலி

ஜனவரியில், குளம் ஒரு முழம் இறுகியதும்
சாப்பாட்டுக்கூடத்து நாற்காலிகளில்
கால் ஆடுகிற ஒன்றைத் தூக்கிப்போய்
நடுவில் வைத்துவிட்டு வருவோம்.
என்றைக்கு மூழ்கும், எத்தனை மணிக்கு?
சமையலறைக் கதவில் ஒட்டிய தாளில்
ஆளுக்கொரு ஊகம்.
வெர்மான்ட் மலையில் சின்னப் பள்ளி அது.
பிள்ளைகள் நாற்பத்து மூன்று,
ஆசிரியர்கள், சமையல்கார லூசியென்,
இரண்டு நாய்களையும் சேர்த்தால் அறுபது தேறும்.
நாய்கள் பேரிலும் ஊகம் எழுதினோம்.
ஜெயித்தவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவவேண்டாம்.
அதைவிடப் பெரிய சொத்து அங்கே யாரிடமும் இல்லை.

மார்ச்சில் மேப்பிள் மரங்களில் வாளி தொங்கின.
நாற்பது குடம் காய்ந்தால் ஒரு குடம் பாகு.
இரவெல்லாம் அடுப்புக்கு விறகு தள்ளிய ஏமஸ்
கணக்குப் பரீட்சையில் தூங்கிப்போனான்.
பிசுக்கேறிய கன்னத்தில் ஒட்டிக்கொண்ட விடைத்தாளை
மெல்ல உரித்தெடுத்த டோவா டீச்சர்,
"தாளில் இருப்பது தப்பு,
கன்னத்தில் பதிந்திருப்பது சரி" என்றார்.

பிறகு சேறு.
எங்களுக்கு அது ஐந்தாவது பருவம்.
தபால் வண்டி மேட்டடியிலேயே நின்றுவிடும்.
கல்லூரிக் கடிதங்களை வாங்கப் போனவர்கள்
திரும்பி வரும் நடையிலேயே
யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று
சொல்லிவிடலாம் என்பாள் லூசியென்.
சேற்றில் எல்லார் நடையும் ஒன்றுபோலத்தான் இருந்தது எனக்கு.

பட்டியில் இரவுக்காவல், நானும் ஹனுலும்.
மூன்றாவது குட்டி மூச்சில்லாமல் வந்தது.
பாட்டுக்குழுவின் வெள்ளைச்சட்டையைக் கழற்றி
அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான்,
கொரிய மொழியில் எதையோ திட்டியபடி.
குட்டி தும்மியது.
செவ்வாய் என்று பேர் வைத்தோம்.
அன்று செவ்வாய்க்கிழமை, வேறு காரணமில்லை.

ஒடெட்டைப் பற்றிச் சொல்லவில்லை.
என் அறையில் இருந்தவள்.
பிப்ரவரியில், நாங்கள் வகுப்பில் இருந்தபோது
ஒரு கார் வந்து அவளைக் கூட்டிப்போனது.
கட்டணம் என்றார்கள் சிலர்,
அப்பா என்றார்கள் சிலர்.
வாசல் வரிசையில் அவள் ரப்பர் பூட்ஸ் நின்றது.
உறைகிற இரவிலும் ஜன்னலைத் திறந்து வைப்பாள்,
நான் எழுந்துபோய்ச் சாத்துவேன்.
கடைசியாக அவளிடம் நான் பேசியது அதைப் பற்றித்தான்,
அதுவும் நல்ல வார்த்தையில் இல்லை.

ஏப்ரல் பத்தொன்பது. உருளைக்கிழங்குக்குப் பாத்தி கட்டுகிறோம்.
இரண்டு நாளாகச் சாய்ந்தே நின்ற நாற்காலி
சத்தமில்லாமல் இறங்கியது.
நாய்தான் முதலில் பார்த்துக் குரைத்தது.
மூன்று மணி பத்து நிமிடம்.
கதவுத் தாளில் பச்சை மையில்:
ஒடெட். ஏப்ரல் 19. மூன்று பத்து.

அன்றிரவு கூட்டம்.
எங்கள் பள்ளியில் எதற்கும் கூட்டம், எதற்கும் கைதூக்கல்.
இல்லாதவளுக்கு எப்படி விடுப்பு கொடுப்பது,
அடுத்த ஊகத்துக்குக் கொடுங்கள் என்றான் ஏமஸ்.
அடுத்த ஊகம் அவனுடையது.
சிரிப்பு அடங்கும் முன்
ஈரக் கையோடு வந்து நின்றாள் லூசியென்.
"எனக்கு ஓட்டு இல்லை, தெரியும்.
மூன்றாவது தொட்டி அவளுடையது.
ஒரு வாரம் அதில் யாரும் நிற்கவேண்டாம்."

இரண்டு தொட்டியில் மூன்று தொட்டி வேலை.
தினமும் நாற்பது நிமிடம் பிந்தியது.
முணுமுணுக்காமல் செய்தோம் என்று சொன்னால் பொய்.
ஒடெட்டால்தான், ஒடெட் வந்து கழுவட்டும்,
கொழுப்புப் பிடித்த இந்தச் சட்டியை ஒடெட்டுக்கு அனுப்பு.
பிப்ரவரிக்குப் பிறகு அவள் பேர்
அந்த வாரம்தான் எங்கள் வாயில் புழங்கியது.

ஞாயிறன்று மாடிப்படிக்கடித் தொலைபேசியில்
காசைப் போட்டேன்.
சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேன்.
அவள் கேட்டாள்: "எந்தக் கால் முதலில்?"
"ஆடுகிற கால்."
"அதானே" என்றாள்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
"பின்னால் என்ன சத்தம்? தவளையா?"

அங்கே ஒரு சின்ன ஜன்னல் உண்டு, கொக்கி துருப்பிடித்தது.
இரண்டு கையாலும் தள்ளித் திறந்தேன்.
குளிர் முகத்தில் அடித்தது.
கம்பி எட்டும் மட்டும் ரிசீவரை வெளியே நீட்டி
பிடித்துக்கொண்டு நின்றேன்,
காசு தீரும்வரை.