உள் சேமிப்பு

அடிவாரத்திலிருந்து எண்ணினால் பன்னிரண்டாம் வளைவு.
ஐப்பசியில் ஒரு ராத்திரி
தடுப்புச் சுவர் தன் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டது,
இரண்டு சில்வர் ஓக் மரங்களையும் கூட்டிக்கொண்டு.

மார்ச்சிலேயே நாங்கள் மழையை மதிப்பிட்டிருந்தோம்.
போன வருஷத்து மழை, கூட ஐந்து சதவீதம்.
மழைக்கு அந்தத் தாள் போய்ச் சேரவில்லை போல.

சென்னைக்கு எழுதினோம்.
பதில் இரண்டே வரி:
கூடுதல் நிதிக்கு வழியில்லை.
உள் சேமிப்பிலிருந்து காண்க.

காண்கிறேன்.
சேலத்தில், மாடியறையில்,
காற்றாடிக்குத் தாள் பறக்காமலிருக்க
ஒரு வெள்ளைக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு
ஏழு மாதச் செலவைத் தலைப்பு தலைப்பாய்த் தட்டிப் பார்க்கிறேன்,
சந்தையில் தேங்காய் பார்க்கிற மாதிரி.
டீசல்: சத்தமே இல்லை.
தளவாடம்: வெறும் ஓடு.
பயணப்படி: அர்த்தநாரி சார் ஆடியிலேயே குடித்து முடித்தது.
சம்பளம்:
தளும்புகிறது.

எப்படி மிச்சம் என்று கேட்கிறது படிவம், ஒன்பதாம் கலத்தில்.
சாலைப் பணியாளர், மலைப் பிரிவு.
அனுமதித்தது பதினாறு, இருப்பது ஐந்து.
மீதிப் பதினொரு பேர்
இல்லாமலிருந்தே சம்பாதித்துத் தருகிறார்கள்.

பதினொன்றில் ஒரு பெயர் எனக்குத் தெரியும். சடையாண்டி.
கடைசிச் சம்பள பில் நான்தான் போட்டேன்.
ஓய்வுக்கு மறுநாளும் மண்வெட்டியோடு வந்து நின்ற ஆள் இல்லை;
வேலையிலிருந்தபோதே பத்தரைக்குத்தான் வருவார்,
வந்ததும் ஒரு பீடி.
ஆனாலும் பத்தாம் வளைவிலிருந்து பதினாலு வரை
ஓரக்கால்வாய் அவர் கையில் இருந்தது.
புரட்டாசியில் சருகை வாரிப் போட்டால்தான்
ஐப்பசித் தண்ணீர் தாரோரமாய் ஓடும்.
இல்லாவிட்டால்
சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உட்கார்ந்திருக்கிறது.

மிச்சம் முப்பத்து மூன்று லட்சம்.
சுவருக்கு முப்பத்தெட்டு.
ஸ்டெல்லா மேடம் பேசவில்லை, வரைபடத்தை வாங்கி
சுவரை ஒன்றரை அடி குட்டையாக்கித் தந்தார்.
இப்போது ஆயிரம் ரூபாய்தான் குறைகிறது,
அதுவும் அடையாளத்துக்கு.
தை மாதம் துணை மானியக் கோரிக்கையில்
எங்கள் சுவருக்கு அந்த ஆயிரம்,
எத்தனையோ பக்கம் தள்ளி, பொடி எழுத்தில்.
ஆம் என்பார்கள். ஒரே மூச்சு.

ஒன்பதாம் கலத்தில் எழுதினேன்:
பணியிடங்கள் காலியாக உள்ளதால் ஏற்பட்ட சேமிப்பு.
பத்தாம் கலம்: சேதத்துக்கான காரணம்.
முதல் மூன்று சொல்லையும் அப்படியே இறக்கியிருக்கலாம்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எதிர்பாராத கனமழை என்று எழுதினேன்.

கோப்பு திரும்பி வந்தபோது
சம்பளத் தலைப்புக்கு எதிரே, வரும் ஆண்டுக்கான கட்டத்தில்,
யாரோ பென்சிலால் குறித்திருந்தார்கள்: ஐந்து பேருக்கு மட்டும்.
செலவழிக்காததைக் கேட்பானேன்.

சனிக்கிழமை நாகலூரில் ஒரு வளைகாப்பு.
மணல் மூட்டைக்கு இப்பால் பஸ் நின்றது,
எதிரே ஒரு மிளகு லாரிக்கு வழிவிட்டு.
ஜன்னலோரம் நான்.
கால்வாய் முட்டச் சருகு, மேலே ஒரு சிப்ஸ் பாக்கெட்.
இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று
கை தானாகத் தேடியது.