ரெஜிபோம் பெட்டி

வெட்டு மெசினை நான்தான் ஓட்டினேன்.
கரவாகு வட்டையில், கடைசி வரம்பருகே,
வைக்கோலோடு வைக்கோலாய் வந்து விழுந்தது
சாரை, வாலில் ஒரு சாண் குறைய.
மற்றவன் மண்வெட்டியைத் தூக்கினான்.
நான் ஏன் மெசினை நிறுத்தினேன் என்று
இன்றைக்கும் சொல்லத் தெரியாது.
அரை மணித்தியாலம் நட்டம், அது தெரியும்.

சாய்ந்தமருது மீன்காரனிடம் ஒரு ரெஜிபோம் பெட்டி.
பழுக்கக் காய்ச்சிய ஆணியால் மூடியில் பதினெட்டுத் துளை.
மஞ்சள் வைத்துக் கட்டிய வால் காய்ந்தது.
வாய் மட்டும் திறக்கவில்லை.

தவளை வைத்தேன். தவளை தானாகச் செத்தது.
காடை முட்டை வைத்தேன். நாறியது.
கோழிக்குஞ்சை ஹிக்மா அழுது மீட்டுக்கொண்டு போனாள்.
அது இப்போது எங்கள் குசினியில் நடக்கிறது,
தன்னை எதற்கு வாங்கினார்கள் என்று தெரியாமல்.

"பாம்பு நோன்பு பிடிச்சிருக்கு" என்றான் பக்கத்து வீட்டு நசுர்தீன்.
"பள்ளிக் கஞ்சி குடுத்துப் பாருங்க காக்கா."
பெருநாளும் வந்து போனது.
சிரித்தவர்கள் சிரிப்பை விட்டு
"இன்னும் கிடக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.
ஹஸ்மியா கேட்கவில்லை.
என் பீங்கானில் ஒரு அகப்பை குறைத்தாள்.
"ஒரு உசிரு பட்டினி கிடக்கக்குள்ள
உங்களுக்கு எப்பிடி இறங்குது?"

பிறகு எலி. உயிரோடு, நெல் ஆலையில் பிடித்தது.
முதல் இரவு மூலையில் நடுங்கியது.
இரண்டாம் இரவு நடுங்கவில்லை.
மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால்
சாரையின் சுருளுக்குள் உறங்குகிறது,
மெத்தை கண்ட மாப்பிள்ளை போல.
அதற்கும் பசிக்குமே என்று கொஞ்சம் சோறு வைத்தேன்.
பாம்புக்குத் தீன், தீனுக்குத் தீன்.
இதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுத?

மிருக டொக்டர் அனுசியா பாம்பை ஒரு தரம் பார்த்தார்,
என்னை நெடுநேரம் பார்த்தார்.
"நாளைக்கு எத்தனை தரம் திறக்கிறீங்க?"
எண்ணினேன். விரல் போதவில்லை.
"முதல்ல எலியை எடுங்க, அது பாம்பைக் கடிச்சுப்போடும்.
பிறகு மூடி வையுங்க.
நீங்க பார்த்துக்கொண்டிருந்தா அது தின்னாது."

பஸ்ஸில், மடியில் பெட்டி.
கண்டக்டர் "மீனா?" என்றார். தலையாட்டினேன்.

மீன் இல்லை. அந்த மாதம் யாரும் மீன் தின்னவில்லை.
எனக்கு எட்டு வயது. கடல் வந்த மூன்றாம் நாள்.
பள்ளிக்கூட மண்டபத்தில்
லன்ச்சீட்டில் சோறு, பருப்பு, ஒரு பாதி முட்டை.
முன்னால் ஒருவர் முழங்காலில் நின்று
கமெராவைக் கண்ணில் வைத்து
இடது கையால் காட்டினார்:
வாய்க்குள் வை. வை.
உருட்டிய பிடி கையிலேயே காய்ந்தது.
உம்மா ஒன்றும் பேசவில்லை.
எழும்பி வந்து அவருக்கு முதுகைக் காட்டி இருந்தா.
யாரோ கொடுத்த சாரியின் தலைப்பை விரித்தா.
அந்த இருட்டுக்குள் நான் தின்றேன்,
லன்ச்சீட்டையும் நக்கி.

இரவு பெட்டியை என் பழைய சாரனால் மூடினேன்.
எலியை எடுக்கத்தான் நினைத்தேன்.
எடுப்பதென்றால் திறக்க வேண்டும்,
திறந்தால் பார்த்துவிடுவேன்.
விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.
நடுச்சாமத்தில் கறக் கறக் என்று ஒரு சத்தம்.
தலை தூக்கினேன்.
"பாக்காதீங்க" என்றாள் ஹஸ்மியா.

விடிய, சாரனைச் சுற்றி வெள்ளைப் பொரி.
பெட்டியின் பக்கத்தில் ஓட்டை, எலிப் பல் போட்டது.
எலிக்கு அது தாராளம்.
சாரைக்கு மட்டுமட்டு.
இரண்டும் இல்லை.

எலி முன்னே போய்ப் பாம்பு பின்னே போனதா,
இல்லை, பாம்பு மட்டும் போனதா,
எலியை உள்ளே வைத்துக்கொண்டு?
ஹிக்மா கேட்கிறாள். நசுர்தீன் மதிலால் எட்டிக் கேட்கிறான்.
நான் குசினிக்குள் போய்க் கோழிக்குஞ்சை எண்ணினேன்.
ஒன்று. இருக்கிறது.

ஹஸ்மியா சோறு போட்டாள், அகப்பை குறையாமல்.
போட்டுவிட்டு
அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.