சாக்கின் நிறை

வெள்ளவத்தையில் ஏறினால்
கோட்டை வரைக்கும் இரண்டரைப் பக்கம்.
இருக்கை கிடைத்தால் மூன்று.
கடல் பக்கத்து ஜன்னல் கிடைத்தால்
ஒன்றுமில்லை.

மெய்யியல், முதலாம் வருடம், வெளிவாரி.
யாரோ வைத்திருந்த புத்தகத்தின் போட்டோக்கொப்பியின்
போட்டோக்கொப்பி.
எனக்கு முன் வாசித்தவர் பென்சிலால்
ஓரங்களில் எழுதியதும் சேர்ந்தே
கறுத்து வந்திருக்கிறது.
குணங்களுக்கு அடியில் ஏதோ ஒன்று
அவற்றைத் தாங்கி நிற்கிறது என்ற வரிக்குப் பக்கத்தில்
‘அப்படியா?’
தாளைப் புரட்டினால்
அப்படி ஒன்றுமே இல்லை என்று நிறுவுகிற இடத்திலும்
‘அப்படியா?’
ஆள் ஆரென்று தெரியாது.
பாஸ் பண்ணினாரா என்றும் தெரியாது.

மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மை.
மெய் என்றால் தலையில் புள்ளி வைத்த எழுத்து,
உயிர் ஏறினால் புள்ளி போய்விடும்.
இதைப் பரீட்சையில் எழுதலாமா என்று கேட்டேன்.
எழுதினாலும் புள்ளி போய்விடும் என்றார் விரிவுரையாளர்.

ஐந்தாம் குறுக்குத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம்.
பில் எழுதுவது நான்.
மரியநேசன் மூட்டையைத் தராசில் போட்டுக் கத்துவான்:
ஐம்பது அறுநூறு!
நான் அறுநூறைக் கழிப்பேன்.
சாக்கின் நிறை அறுநூறு கிராம்,
எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்தவர் சொன்னது,
அவருக்கும் அவருக்கு முன் இருந்தவர்.
பதினொரு வருடம்
கழித்துக் கழித்து
எஞ்சியதைப் பருப்பு என்று எழுதியிருக்கிறேன்.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய். மழை.
லொறியின் படங்கு கிழிந்திருந்தது.
ஹங்வெல்லையில் கடை வைத்திருக்கும் சோமலதா
மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்,
கையைச் சேலையில் துடைத்தார்,
என் பில்லைப் பார்த்தார்.
எத்தத? என்றார்.

உண்மையா என்று கேட்கிற சொல்.
உள்ளது எதுவோ அதுவே உண்மை என்று
இரண்டு பாஷையும் ஒரே முளையில்
கொண்டுபோய்க் கட்டியிருக்கின்றன.
ஆனால் இதெல்லாம் பிறகு ரயிலில் யோசித்தது.
அப்போது ஞாபகம் வந்தது
அந்தப் பென்சில் எழுத்துத்தான்.

மரியநேசன், ஒரு சாக்கைக் கொட்டுங்கோ என்றேன்.
அவன் என்னைப் பார்த்தான்,
முதலாளியின் கண்ணாடி அறையைப் பார்த்தான்,
கொட்டினான்.

நனைந்தது ஒரு கிலோ தொண்ணூறு.
மூலையில் காய்ந்து கிடந்தது ஐந்நூற்று நாற்பது.
ஒட்டுப்போட்ட ஒன்று, எழுநூற்றுப் பத்து.
அறுநூறு கிராம் சாக்கு
கடை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

முதலாளி வெளியே வந்தார்.
சராசரி, தங்கச்சி, சராசரி.
இங்கே கூடினால் அங்கே குறையும்,
வருடக் கடைசியில் எல்லாம் சமன்.
கெட்ட மனுசனில்லை.
வகுப்பு நாட்களில் அரை நாள் லீவு தருகிறவர்.
நானும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன்,
சமனாகவும் வரலாம்.
ஆனால் சோமலதா வருடக் கடைசி இல்லையே,
செவ்வாய்க்கிழமை வந்த ஓர் ஆள்.
நாலு சாக்கு,
ஒரு கிலோ தொள்ளாயிரத்து அறுபது வெட்டி எழுதினேன்.
முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு நாள் ஒன்றுமே சொல்லவில்லை.

இப்போது எல்லாச் சாக்கையும் நிறுக்கிறோமா என்றால், இல்லை.
ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை.
மழை பெய்தால் மட்டும் மரியநேசன்
ஒன்றைக் கொட்டிவிட்டுக் கேட்கிறான்,
இண்டைக்கு எவ்வளவு கழிக்கிறது?
மற்ற நாட்களில் அறுநூறுதான்.
எழுதும்போது
கை ஒருமுறை நிற்கிறது. அவ்வளவுதான்.

நேற்று திரும்பி வரும்போது
எண்பத்திரண்டாம் பக்கம். ஓரம் வெறுமை.
அதற்குப் பிறகும் வெறுமை.
ஆள் அங்கேயே நிறுத்திவிட்டார் போல.
கொள்ளுப்பிட்டி தாண்டி ரயில் சும்மா நின்றது.
பில் எழுதுகிற சிவப்புப் பேனையை எடுத்து
வெறும் ஓரத்தில் எழுதினேன்
1.090

இனி இதைக் கொப்பி எடுப்பவருக்கு
ஒன்றும் விளங்காது.
ஆரையாவது கேட்கட்டும்.